குடை மேல் ஒரு பயோடேட்டா

29.9.2025, திங்கள். ஷாங்காய்

வந்து சேர்ந்தாச்சு. "பாத்தது கேட்டது எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க, நான் உக்காந்து படிக்கணும்"னு சொல்லி என் வீட்டுக்காரி வடிவு இந்த நோட்டைப் பெட்டியில வச்சு அனுப்பியிருக்கா. மூட்டு ஆபரேஷன் ஆன காலோட அவளால விமானம் ஏற முடியாது. அதனால, அரசு பஸ்ஸுல முப்பத்தொரு வருஷம் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆன ஆவுடையப்பன் ஆகிய நான், திருநெல்வேலி டவுன்ல இருந்து தனியாளா சீனாவுக்கு வந்திருக்கேன். மகள் கோமதி இங்க கார் டிசைன் பண்ணுற கம்பெனியில இன்ஜினீயர். வந்து மூணு வருஷம் ஆச்சு. ஊரைச் சுத்திப் பாக்கணும், அவளையும் பாக்கணும்.

இன்னொரு ஜோலியும் இருக்கு. என் அக்கா செண்பகம் சாத்தூர்ல ஒரு மாப்பிள்ளை பாத்திருக்கா. சொந்தமா ஹார்டுவேர் கடை, ஒத்தைப் பிள்ளை, பத்துக்கு எட்டுப் பொருத்தம். எட்டாம் தேதி புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அக்கா வீட்டுக்கு வாராங்க. அன்னைக்கு நான் இங்க இருந்து போன்ல 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். ஐப்பசியில நிச்சயம். கோமதிகிட்ட சம்மதம் வாங்க வேண்டியது என் பொறுப்பு. அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. பத்து நாள் கிடக்கே, மெதுவா பேசிக்கலாம்.

ஏர்போர்ட்ல இருந்து மெட்ரோவுல வந்தோம். ஸ்டேஷன் வாசல்ல பையை மிஷினுக்குள்ள விட்டு வாங்குறாங்க. என் பையில செக்கு நல்லெண்ணெய், தண்ணி பாட்டில்ல ஊத்திக் கொடுத்தது. யூனிபார்ம் போட்ட பொண்ணு அதைத் தூக்கிப் பிடிச்சு, குடின்னு சைகை காட்டுது. "தண்ணியான்னு பாக்குறாங்கப்பா, இருங்க, நான் பேசுதேன்"னு கோமதி சொல்லி முடிக்குமுன்ன மடக்குன்னு ஒரு வாய் குடிச்சிட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே விட்டுட்டுது. கோமதி சிரிக்கல. "அப்பா, மூடியைத் திறந்து காட்டியிருந்தாலே போதும்"னா.

வயிறு இப்ப வரைக்கும் ஒரு மாதிரிதான் இருக்கு.

30.9.2025, செவ்வாய்

கோமதி வேலைக்குப் போயிட்டா. நாளையில இருந்து அவளுக்கு எட்டு நாள் லீவு, நாட்டுக்கே லீவாம். அவ கொடுத்த போனோட நான் தனியா மெட்ரோ ஏறினேன். அந்தப் போன்ல நாம தமிழ்ல பேசினா அது சீனத்துல சொல்லும். அவங்க பேசினா தமிழ்ல சொல்லும், அதுவும் மேடைத் தமிழ்ல.

கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் ஸ்பெஷல்ல டிக்கெட் கிழிச்சவன் நான், எனக்கே மலைப்பா இருந்தது. ஆனா ஒண்ணு, இவங்களுக்கு ஏறத் தெரியல. வாசல்லயே மொய்க்கிறாங்க, நடுவுல காலியாக் கிடக்கு. வாய் சும்மா இருக்குமா? "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதிய"ன்னு ஒரு சத்தம் கொடுத்தேன். மெட்ரோவுல படியே கிடையாது, அது வேற விஷயம். நாலு பேர் சட்டுனு உள்ள நகர்ந்தாங்க! கூட்டத்துக்கு ஒரு பாஷைதான், எந்த ஊரா இருந்தா என்ன.

திரும்பி வர ஸ்டேஷன்ல வாசல் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். இருபதுக்கு மேல வாசல். மூணு தடவை ஒரே பழக்கடைக்கு முன்னாலதான் வந்து வெளியேறினேன். மூணாவது தடவை கடைக்காரம்மா ஒரு ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்துது.

1.10.2025, புதன்

இன்னைக்கு ஆயுத பூஜை. டிப்போவுல பஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்னு கட்டியிருப்பாங்க.

சாயங்காலம் ஆத்தங்கரைக்குப் போனோம். அந்தக் கரையில வானத்தைத் தொடுற கட்டடம், இந்தக் கரையில வெள்ளைக்காரன் கட்டிட்டுப் போனது. நடுவுல ஜனம். ரோட்டைத் தாண்ட சிக்னல் பத்தாதுன்னு, யூனிபார்ம்காரங்க வரிசையா கைகோர்த்து மனுசச் சங்கிலி போடுறாங்க. சங்கிலி விலகினா ஆயிரம் பேர் தாண்டணும். சேர்ந்தா நிக்கணும். பத்து நிமிசம் வாயைத் திறந்து பாத்துட்டே நின்னேன். தேர் வடம் பிடிக்கிற அன்னைக்கு நம்ம ரதவீதியில இப்படி நாலு பேர் இருந்தா எம்புட்டு நல்லா இருக்கும்.

பாத்துட்டே நின்னதுல கோமதியைத் தவற விட்டுட்டேன். முன்னாலயும் பின்னாலயும் தலைதான். ரெண்டு விரலை வாயில வச்சு, பஸ்ஸை நிறுத்துற மாதிரி நீளமா ஒரு விசில் விட்டேன். சுத்தி இருந்தவன் பூரா அப்படியே நின்னுட்டான். சங்கிலிக்காரன் ஒருத்தன் கூட நின்னுட்டான். எங்கேயோ இருந்து கோமதி ஓடி வந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, சிரிக்கா, சிரிக்கா, கண்ணுல தண்ணி வர வர சிரிக்கா. "சின்னப்பிள்ளையில உங்க பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருந்த மாதிரி இருந்துச்சுப்பா"ன்னா.

இவ இப்படிச் சிரிச்சு நான் பாத்து மூணு வருஷமாச்சு. நல்ல மனநிலையில இருக்கா, இப்பவே பேசிரலாமான்னு தோணுச்சு. சிரிக்கிறவகிட்ட எதுக்குப் பேசிக்கிட்டு, நாளைக்குப் பேசலாம்னு விட்டுட்டேன்.

2.10.2025, வியாழன்

கால்வலி. எங்கயும் போகல. கோமதி வச்ச ரசம் நல்லா இருந்தது. பேசல.

3.10.2025, வெள்ளி

பழைய தோட்டம் ஒண்ணு. அதுக்கு முன்னால குளம், குளத்து மேல ஒன்பது தடவை வளைஞ்சு வளைஞ்சு போற பாலம். பேய்க்கு நேரா மட்டும்தான் நடக்கத் தெரியுமாம், வளைவு வந்தா திரும்பத் தெரியாதாம். அதுக்காக அப்படிக் கட்டினதா கோமதி சொன்னா. அம்பாசமுத்திரம் ரோட்டுல ஒரு பேய் கூட இல்லாதது ஏன்னு இப்ப விளங்குது.

ஒவ்வொரு வளைவுலயும் ஆரம்பிக்கணும்னு நினைச்சேன். முதல் வளைவுல "ஏட்டி கோமு, சாத்தூர் தெரியுமா?"ன்னு கேட்டேன். "சேவுக்கு நல்ல ஊராச்சேப்பா"ன்னா. ரெண்டாவது வளைவுல கூட்டம் தள்ளிட்டுது. அஞ்சாவதுல ஒருத்தன் செல்ஃபி எடுக்கச் சொல்லிப் போனைக் கையில கொடுத்துட்டான். ஒன்பது வளைவும் முடிஞ்சு போச்சு.

அப்புறம் கொழுக்கட்டை மாதிரி ஒண்ணு வாங்கிக் கொடுத்தா. உள்ள கொதிக்கிற சூப்பு இருக்குன்னு சொன்னா. சொல்லுமுன்ன கடிச்சிட்டேன். நாக்கு வெந்துட்டுது, எதிர்ல இருந்தவன் சட்டையிலயும் தெறிச்சிட்டுது. நாக்கு வெந்ததுனால இன்னைக்கும் பேச முடியல.

சாயங்காலம் அக்கா போன். "என்னல, கேட்டியா இல்லையா? அவ ஒண்ணும் மாட்டேன்னு சொல்ல மாட்டா. உன் சொல்லைத் தட்டுன பிள்ளையா அது?"ன்னா. அது வாஸ்தவம். தட்டினதே இல்ல. அக்கா அதைப் பெருமையாத்தான் சொன்னா, எனக்கென்னமோ சுருக்குன்னு இருந்தது.

4.10.2025, சனி

வடிவு, இந்தப் பக்கத்தைப் படிச்சா கத்தாதே.

கோமதிக்கு லீவுலயும் வீட்டுல இருந்தே ஆபீஸ் மீட்டிங். நான் மக்கள் பூங்காவுக்குத் தனியா நடக்கப் போனேன். உள்ள போனா பாதை ஓரம் பூரா நூத்துக்கணக்குல குடை. வெயிலும் இல்ல, மழையும் இல்ல. விரிச்ச குடையைத் தரையில வச்சிருக்காங்க, ஒவ்வொரு குடை மேலயும் ஒரு காகிதம். பக்கத்துல சின்ன ஸ்டூல்ல வயசான அம்மாவோ அப்பாவோ. குடை விக்கிறாங்க போலன்னு நினைச்சேன்.

ஒருத்தர்கிட்டப் போனை நீட்டி, "இது என்னங்க?"ன்னு கேட்டேன். போன் சொல்லுது: "மதிப்பிற்குரிய ஐயா, இவை திருமணமாகாத எங்கள் பிள்ளைகள்."

அடேயப்பா! பயோடேட்டா! பிறந்த வருஷம், உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு உண்டா இல்லையா, எல்லாம் வரிசையா. பெத்தவங்க சனி ஞாயிறு வந்து குடையோட உக்காருவாங்களாம், அடுத்தவங்க வந்து படிச்சுப் பேசுவாங்களாம். தரகர் இல்லை, கமிஷன் இல்லை. கண்ணு கலங்கிப் போச்சு எனக்கு. ஆறு நாளா இந்த ஊர்ல எனக்கு ஒண்ணும் புரியல. இங்க மட்டும் எல்லாம் புரியுது. ஒரு அம்மா இன்னொரு அம்மாகிட்ட உதட்டைப் பிதுக்கினதுக்கு 'சம்பளம் பத்தாது'ன்னு அர்த்தம். அதுக்குப் போன் தேவையில்ல.

எனக்குப் பதில் சொன்னவர் பேரு ஷென். லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். பையனுக்கு முப்பத்தேழு. நாலு வருஷமா வாராராம். பையன் வரக்கூடாதுன்னு சொல்லிட்டானாம். சீட்டாடப் போறேன்னு பொய் சொல்லிட்டு வாராராம். ஆளைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்தது.

எனக்கும் மகள் இருக்கான்னு சொன்னேன். போன் கேக்குது: "உங்கள் மகள் எந்த மிருகம்?"

வந்ததே கோபம். மிருகமா? அப்புறம்தான் விளங்குச்சு, இவங்களுக்குப் பிறந்த வருஷத்துக்கு ஒரு மிருகமாம். தொண்ணூத்தி நாலுன்னு சொன்னேன். "நாய்"ன்னு சொல்லிட்டு அந்த மனுசன் வருத்தமா தலையை ஆட்டுறார். அவர் பையன் டிராகனாம், நாய்க்கும் டிராகனுக்கும் ஆகவே ஆகாதாம். பொருத்தம் பாக்காத ஊர் உலகத்துலயே கிடையாது போல.

5.10.2025, ஞாயிறு

வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதை.

நான் சாத்தூரை விட்டுட்டேன்னு அர்த்தமில்ல. சும்மா, இந்த ஊர்ல நம்ம பிள்ளைக்கு என்ன மதிப்புன்னு தெரிஞ்சுக்கலாமேன்னுதான். அதோட, அம்புட்டுப் பேரும் குடையோட உக்காந்திருக்கும்போது நான் மட்டும் கையை வீசிட்டு நிக்கிறது, டிக்கெட் எடுக்காம நிக்கிற மாதிரி கூச்சமா இருந்தது. கண்ணாடிக்கு மூக்குப்பிடி மாத்தப் போறேன்னு சொல்லிட்டு, கோமதியோட நீலக் குடையை எடுத்துட்டுப் போனேன்.

ஷென் எழுதிக் கொடுத்தார். பேரு, வருஷம், இன்ஜினீயர், உயரம் அஞ்சு நாலு. போன் நம்பர் கேட்டார். என் நம்பர் இங்க எடுக்காதே, கோமதி நம்பரைச் சொல்லிட்டேன்.

கடைசி வரி, 'எதிர்பார்ப்பு'. "நல்ல குடும்பம், குடிக்காத பையன்"ன்னேன். ஷென் எழுதல. போன் சொல்லுது: "அது உங்கள் விருப்பம். உங்கள் மகளின் விருப்பம் என்ன?"

யோசிச்சேன். அவளுக்குப் பூண்டு ஊறுகாய் பிடிக்கும். ஜன்னல் சீட் பிடிக்கும். கணக்கு பிடிக்கும். வேற என்னன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் வரல. நான் முழிக்கிறதைப் பாத்துட்டு ஷென் அவர் பையன் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அதுலயும் கடைசி வரி காலி. "நான்கு வருடங்களாக இந்த வரியை நிரப்ப முடியவில்லை. கேட்டால் அவன் எழுந்து போய்விடுகிறான்." சரின்னு நானும் காலியா விட்டுட்டேன்.

கூட்டம் மொய்ச்சிட்டுது. வெளிநாட்டு அப்பா, வேட்டி வேற. ஆளாளுக்குப் போட்டோ எடுக்காங்க, நம்பரை எழுதிக்கிறாங்க. நான் ராஜா மாதிரி உக்காந்திருந்தேன். ஒரு மணி நேரத்துல கூட்டத்தைப் பிளந்துக்கிட்டுக் கோமதி வந்து நிக்கா. மூச்சு வாங்குது.

"அப்பா! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய? பதினாலு போன்! ஒரு அம்மா நான் நாயா பன்னியான்னு கேக்கா. ஒரு அம்மா, முப்பத்தொண்ணு ஆச்சு, பரவாயில்லை, மன்னிச்சுக்கிடுதேங்கா. மன்னிக்க அவ யாரு?"

"எந்த அம்மா? அந்தப் பச்சைச் சட்டையா? அது சரியில்ல, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது"ன்னேன்.

சிரிப்பாளான்னு பாத்தேன். குனிஞ்சு காகிதத்தைக் கிழிக்கப் போனவ, கிழிக்காம நின்னு கடைசி வரை படிச்சா. ஷென்கிட்டச் சீனத்துல என்னமோ கேட்டா. அவர் என்னைக் காட்டி என்னமோ சொன்னார். அதுக்கப்புறம் அவ திட்டவே இல்ல. காகிதத்தை மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டா.

மெட்ரோவுல ரெண்டு பேருக்கும் உக்கார இடம் கிடைச்சது. "கடைசி வரியை ஏன்பா காலியா விட்டிய?"

"தெரியலம்மா"ன்னேன். நிஜமாவே தெரியல.

6.10.2025, திங்கள்

இங்க இன்னைக்குப் பௌர்ணமிப் பண்டிகை. வட்டமா ஒரு இனிப்பு, உள்ள தாமரை விதை. காலையில கோமதி அதை வெட்டிக்கிட்டு இருந்தா. இனியும் தள்ளிப் போட முடியாது. "கோமு, சாத்தூர்ல..."ன்னு ஆரம்பிச்சேன்.

"ஹார்டுவேர் கடை. ஒத்தைப் பிள்ளை. அத்தை ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே போட்டோ அனுப்பிட்டாங்கப்பா. நீங்க எப்பக் கேப்பியன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அந்தப் பாலத்துல சேவுன்னு சொல்லி உங்களைத் தப்பிக்க விட்டேன், பாவம்னு."

எனக்கு வெக்கமாப் போச்சு. எட்டு நாளா நான் அவளை ஏமாத்துறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்!

"சரி, என்னம்மா சொல்லுத?"

வெட்டின துண்டைத் தட்டுல வரிசையா அடுக்கினா. "சரிப்பா. உங்க இஷ்டம்."

வடிவு, நீ படிப்பேன்னுதான் இம்புட்டு நாளும் இதை எழுதாம இருந்தேன். ஆனா உனக்குத் தெரியாதது இதுல என்ன இருக்கு? மூணு வருஷத்துக்கு முன்னால இவ மெட்ராஸ்ல கூட வேலை பாத்த எட்வினைக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தா. அந்தப் பையன் நான் போட்ட சேர்ல கூட உக்காரல, நான் உக்காரட்டும்னு நின்னான். நம்ம ஆளுக இல்ல, வேதமும் வேறன்னு சொன்னேன். அவனைக் கட்டினா என் சாவுக்கு வராதேன்னும் சொன்னேன். இவ அழல, சண்டை போடல. "சரிப்பா, உங்க இஷ்டம்"ன்னா. இதே வார்த்தை, இதே குரல். மூணாம் மாசம் சீனாவுக்கு டிக்கெட் எடுத்துட்டா. நான் ஊர் பூரா, என் மகளுக்கு வெளிநாட்டுல வேலைன்னு மிட்டாய் கொடுத்தேன்.

"அந்த எட்வின் இப்ப...?"ன்னு கேட்டேன்.

"அவனுக்குப் பொண்ணு பிறந்து ஒரு வருஷம் ஆச்சுப்பா. நல்லா இருக்கான்"ன்னா. என் தட்டுல ஒரு துண்டை வச்சா. "சாப்பிடுங்க. சூடு இல்ல, நாக்கு வேகாது."

7.10.2025, செவ்வாய்

சம்மதம் கிடைச்சாச்சு. வந்த காரியம் முடிஞ்சது. ராத்திரி பூரா தூக்கம் இல்ல.

8.10.2025, புதன்

காலையில எட்டரைக்கு அக்கா வீடியோ போட்டா, அங்க ஆறு மணி. "ஏல ஆவுடை, எட்டு மணிக்கெல்லாம் அவங்க வந்துருவாங்க. சரின்னு சொல்லிரலாம்லா?" பக்கத்துல வடிவு காலை நீட்டி உக்காந்திருந்தா. விடியுமுன்னயே ஆட்டோ பிடிச்சு அக்கா வீட்டுக்கு வந்துட்டாளாம்.

"வேண்டாம்க்கா"ன்னேன்.

"என்னது? கோமதி மாட்டேன்னுட்டாளா?"

"கோமதி சரின்னுதான் சொன்னா. நான்தான் வேண்டாங்கேன்."

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கால? பிள்ளையே சரின்னு சொல்லியாச்சு, உனக்கு என்ன?"

"அவ சரின்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்க்கா. ஒரு தடவை தெரியாத மாதிரி இருந்துட்டேன். இன்னொரு தடவை முடியாது. அவளுக்கு எது வேணும்னு அவளே சொல்லட்டும். சொல்லாட்டியும் சரிதான்."

அக்கா தலையில அடிச்சுக்கிட்டா. ஜாதகம், ஊர் என்ன சொல்லும், காபிக்குப் பால் வாங்கி வச்சாச்சு, எல்லாம் வரிசையா வந்தது. வடிவு எட்டி அக்கா கையில இருந்து போனை வாங்கினா. சந்தோஷப்படுவான்னு நினைச்சேன்.

"இந்த வாய் மூணு வருஷத்துக்கு முன்னால எங்க போயிருந்துச்சு?"ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. போனை வச்சிட்டா.

திரும்பினா அடுப்படி வாசல்ல கோமதி நிக்கா. எல்லாத்தையும் கேட்டிருக்கா.

"அம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லலையேப்பா."

"தப்புப் பண்ணிட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம உன் வாழ்க்கையில கை வச்சிட்டேன். அதை இனிமே திருப்பித் தர முடியாது கோமு." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துட்டுது. அறுபத்திரெண்டு வயசுல, மகள் முன்னால, துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதேன்.

அவ பக்கத்துல வந்து உக்காந்தா. பரவாயில்லைன்னு சொல்லல. சொல்லாததுதான் நல்லது, சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். அப்புறம் போனை எடுத்து என்னமோ தட்டிக்கிட்டு இருந்தா.

சாயங்காலம் பெட்டியைக் கட்டலாம்னு எடுத்தேன். நாளைக்கு எனக்கு விமானம். "எதுக்குக் கட்டுதிய?"ன்னா. என் டிக்கெட்டைப் பதினஞ்சு நாள் தள்ளிப் போட்டிருக்கா. அம்மாகிட்டயும் சொல்லிட்டாளாம், விசாவுல இன்னும் நாள் இருக்கான்னும் பாத்துட்டாளாம். என்னை ஒரு வார்த்தை கேக்கல.